ஆழ்கடல் யாருக்கு?

பட்டு நெய்யும் ஊரானுக்குக் கடலின்மீது என்ன கவலை? தறிக்குழியில் காலை விட்டுக் குந்தியிருப்பவன், படகிலே காலை ஊன்றி நிற்பவனைப் பற்றி ஏன் பேச வேண்டும்? காஞ்சியிலே கோபுரம் உண்டு, குளம் உண்டு, கடைத்தெரு உண்டு, கடல் ஏது?

இப்படிக் கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் வரையில் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடல் இருந்தது! கோவளம் நம்முடையது, மாமல்லபுரம் நம்முடையது, சதுரங்கப்பட்டினம் நம்முடையது. செங்கற்பட்டு தனி மாவட்டமாகிப் பாகம் பிரிந்தபோது அலைகடல் அவர்கள் பங்குக்குப் போயிற்று, ஏரிகள் நம் பங்குக்கு நின்றன. பிரிந்ததிலே வருத்தமில்லை. பல்லவர் நாளிலே காஞ்சியின் வாணிகத்துக்கு மாமல்லைதான் வாசல். பல நூற்றாண்டு உறவை மாவட்ட எல்லை ஒன்று அறுத்துவிடாது.

அதைவிட நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. நூலை நம்பி வாழும் கூட்டம் இரண்டு. ஒன்று நெசவாளர், மற்றொன்று மீனவர். நமக்குப் பட்டு நூல், அவர்களுக்கு நைலான் நூல். நமக்குக் கைத்தறியும் விசைத்தறியும். அவர்களுக்கு நாட்டுப்படகும் விசைப்படகும். பெயரிலே கூடப் பொருத்தத்தைப் பார்த்தீர்களா? இன்னின்ன துணி கைத்தறிக்கே உரியது என்று 1985-ல் டில்லி ஒரு சட்டம் செய்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையில் நாட்டுப்படகுக்கே உரியது என்று 1983-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. இரண்டும் நல்ல சட்டங்கள். கைத்தறிப் பட்டு என்று சொல்லி விசைத்தறிச் சேலையை மடித்துக் கொடுக்கும் கடையை நாம் பார்த்ததில்லையா? மூன்று மைலுக்குள்ளே வந்து மடி இழுக்கும் விசைப்படகை அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது கோவளத்துக் கடலைப் பற்றியல்ல. தெற்கே, கோடியக்கரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடலைப் பற்றி. நாளேடுகளில் வாரம் தவறாமல் வருகிறதே, 'மீனவர் கைது, படகுகள் பறிமுதல்' என்று, அந்தக் கடல். 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த இராபர்ட் பாக் என்னும் வெள்ளைக்காரர் பெயரால் அதைப் பாக் நீரிணை, பாக் விரிகுடா என்கிறோம். இருகரையும் தமிழர், நடுவே கிடக்கும் தண்ணீருக்கு மட்டும் கும்பெனிக்காரர் பெயர்! அது கிடக்கட்டும்.

மாமல்லபுரத்திலே படகேறி நேர் கிழக்கே போனால், ஒரு நாள் ஓட்டத்துக்குள்ளாகவே தரை நழுவிக் கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். பாக் விரிகுடா அப்படிப்பட்டதல்ல. வடக்கே கோடியக்கரை, தெற்கே இராமேசுவரம் தீவும் அதற்கப்பால் மணல் திட்டுகளும், கிழக்கே யாழ்ப்பாணமும் மன்னாரும். நிலம் கைகோத்து அணைத்து வைத்திருக்கும் நீர் அது. பெரும்பகுதியில் ஆழம் பத்து மீட்டரையொட்டித்தான். மீனவர் கணக்கிலே ஐந்து, ஆறு பாகம். ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த அளவு. மூன்றடுக்கு வீட்டை அந்தக் கடலில் இறக்கி வைத்தால், பல இடங்களில் மொட்டைமாடியில் துணி உலர்த்தலாம்!

ஆழமில்லாத கடல் ஏழைக் கடல் என்று எண்ணிவிட வேண்டாம். வெயில் தரை வரையில் பாய்கிறது. தரையிலே கடற்புல் தழைக்கிறது. புல்லிலே இறால் வளர்கிறது, நண்டு வளர்கிறது, கணவாய் வளர்கிறது. புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவும் அங்கே உண்டு. அதற்கென்றே தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக வத்தையும் வள்ளமும் ஓட்டி, பாய் விரித்து, காற்றுப் பார்த்து, அன்றன்று போய் அன்றன்று திரும்பிப் பிழைத்தார்கள் மக்கள். இருகரை மக்களும்தான்.

பிறகு வந்தது விசை.

1952-ல் நார்வே நாட்டோடு இந்திய சர்க்கார் ஓர் ஒப்பந்தம் செய்தது. கொல்லத்துக்கு அருகே நீண்டகரையிலே திட்டம் தொடங்கியது. மீனவர் வாழ்வை உயர்த்துவது, எந்திரப் படகு தருவது, நல்ல மீன் மலிவாகக் கிடைக்கச் செய்வது என்பதெல்லாம் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் மடி இழுத்தபோது வந்து விழுந்தது இறால்! அமெரிக்காவும் ஜப்பானும் அதற்கு அள்ளிக் கொடுத்தன. உள்ளூர்க்காரன் உண்ணும் மீனை மறந்தார்கள், வெளிநாட்டான் உண்ணும் இறாலை நினைத்தார்கள். அறுபதுகளிலே தமிழகக் கடற்கரைக்கும் அந்த அலை வந்தது. மானியம் தந்தார்கள், கடன் தந்தார்கள், 'கட்டு படகை' என்றார்கள். கடலையே காணாத கைகளிலிருந்தும் பணம் படகாக மாறி வந்தது.

இழுவை மடி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படகுக்குப் பின்னாலே இரண்டு பலகைகள். அவை மடியின் வாயைப் பிளந்து வைக்கின்றன. அடியிலே கனத்த கயிறு. அது தரையைச் சுரண்டிக்கொண்டே போகிறது. புல் போகும், சிப்பி போகும், முட்டை போகும், குஞ்சு போகும். விலை போகும் இறால் கொஞ்சம்; மிச்சம் கோழித் தீவனத்துக்கு. நூறு பாக ஆழக் கடலிலே இழுத்தால், தரைக்கு மேலே தப்பி ஓட மீனுக்கு வழி இருக்கும். ஐந்து பாகத் தண்ணீரில் இழுத்தால்? கூரை தாழ்ந்த குடிசைக்குள்ளே கம்பு சுழற்றுவது போலத்தான்.

அந்தத் தண்ணீரையும் குறுக்கே பிளந்து கோடு போட்டார்கள். 1974 சூனில் ஓர் ஒப்பந்தம், கச்சத்தீவு போயிற்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது; டில்லியின் காதில் ஏறவில்லை. 1976 மார்ச்சில் இரு சர்க்காரும் கடிதம் மாற்றிக்கொண்டன: உன் கடலில் என் படகு வராது, என் கடலில் உன் படகு வரக்கூடாது. அந்த மார்ச்சு மாதத்திலே தமிழ்நாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையே பதவியில் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

இப்போது கணக்குப் போடுங்கள். இராமேசுவரத்திலிருந்து பத்து, பன்னிரண்டு கடல் மைல் போனால் எல்லைக்கோடு. கரையோரம் மூன்று மைல் நாட்டுப்படகுக்கு. நடுவே இருக்கும் கீற்றுக்குள்ளே ஆயிரக்கணக்கான விசைப்படகுகள்! எல்லை தாண்டுகிறார்களே என்று வியப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். பேராசையால் மட்டும் தாண்டவில்லை. தாண்டாமல் டீசல் காசு தேறாது என்கிற அளவுக்குப் படகுகளைப் பெருக்கிவிட்டவர்கள் யார்? மானியம் கொடுத்தவர்கள்தானே!

இனி நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். நம்மவர் துன்பத்தை நாம் பேசாவிட்டால் யார் பேசுவார் என்பது சரி. பேசியிருக்கிறோம், பேசுவோம். 2021 சனவரியிலே இலங்கைக் கடற்படையின் படகோடு மோதி ஒரு விசைப்படகு மூழ்கியது, நான்கு பேர் பிணமாயினர். வயிற்றுப்பாட்டுக்குப் போனவனைச் சாவுக்கு ஆளாக்குவது எந்த நாட்டு நீதி? அதிலே இரண்டு கருத்து இல்லை. ஆனால் மறுகரையிலே கதறுகிறவன் யார்? அவனும் தமிழன்தான். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு மீனவன். போர் நடந்த காலமெல்லாம் அவனைக் கடலுக்கு விடவில்லை. விட்டாலும் இத்தனை மணிக்குப் போ, இத்தனை மணிக்குத் திரும்பு என்று கட்டிப்போட்டார்கள். படகு போயிற்று, எந்திரம் போயிற்று, குடும்பம் இடம்பெயர்ந்தது. அவன் இறங்க முடியாத கடலிலே நம் விசைப்படகுகள் பழகிவிட்டன. 2009 மே மாதத்தில் போர் ஓய்ந்தது. கடன் வாங்கி வலை வாங்கி, மாலையிலே அதைக் கடலில் விட்டுவிட்டு வந்தான். காலையிலே போய்ப் பார்த்தால், இழுவை மடி அதை இழுத்துக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. ஒரு வலை போனால் ஓராண்டு வாழ்வு போயிற்று. ஈழத்தமிழருக்காகக் கண்ணீர் விட்ட கரையிலிருந்து போன படகு, ஈழத்தமிழன் வலையை அறுத்தது என்றால், அதைச் சொல்லாமல் மறைப்பது பற்று ஆகுமா?

நம் மீனவர் இதை அறியாதவர்கள் அல்லர். 2010-லேயே இருகரை மீனவரும் கூடிப் பேசினார்கள். இழுவை மடியை விட்டுவிடுகிறோம், அவகாசம் கொடுங்கள் என்றார்கள். 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களே உட்கார்ந்து பேசினார்கள். 2017-ல் இலங்கை தன் கடலில் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடுத்தது. ஆண்டுதோறும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவிலே இருகரை மக்களும் கலந்து பேசுகிறார்கள், கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் திருவிழாக்களிலே நாட்டமில்லை. ஆனாலும் அந்த இரண்டு நாள் சந்திப்பு, பல மாநாடுகள் செய்யாத வேலையைச் செய்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் வந்தது ஆழ்கடல் திட்டம். 2017 சூலை 27-ஆம் நாள் இராமேசுவரத்திலே பிரதமர் அனுமதிக் கடிதங்களை வழங்கினார். இழுவைப் படகை ஒப்படை. அதற்கு ஈடாக ஆயிரங்கால் தூண்டில் போடும் படகைப் பெற்றுக்கொள். பாக் கடலை விட்டு வெளியேறி, ஆழ்கடலிலே சூரை மீனைப் பிடி! மூன்றாண்டில் 2,000 படகு, முதலாண்டில் 500 என்றார்கள். ஒரு படகின் விலை 80 இலட்சம். டில்லி 40 இலட்சம், தமிழ்நாடு 16 இலட்சம், வங்கிக் கடன் 16 இலட்சம், மீனவர் கையிலிருந்து 8 இலட்சம்.

கேட்க இனிக்கிறது. நூற்றுக்கு எழுபது சர்க்கார் தருகிறது! பிறகு ஏன் மூன்றாண்டு முடிந்தபோது மிதந்தவை அந்த 2,000-ல் ஒரு சிறு துளியாக இருந்தன?

'சோம்பேறிகள்! காலையில் போய் மாலையில் வந்தே பழகியவர்கள்! ஆழ்கடல் என்றால் அஞ்சுகிறார்கள்!' என்று பேசும் அதிகாரிகள் உண்டு. அவர்களைக் குமரி மாவட்டத்துத் தூத்தூருக்கு அழைத்துப் போக வேண்டும். வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் மக்கள் எந்தத் திட்டத்துக்கும் காத்திராமல், தாமே கற்று, தாமே படகு கட்டி, கொச்சியைத் தங்குதுறையாக்கி, இலட்சத்தீவையும் தாண்டி, வாரக்கணக்கில் கடலிலே கிடந்து, சுறாவையும் சூரையையும் தூண்டிலிலே பிடிக்கிறார்கள். அவர்களும் தமிழர்கள்தான்! அவர்களுக்குக் கை வந்தது மற்றவர்க்கு வராதா? வரும். ஆனால் அந்தக் கலை அவர்களுக்கு ஒரு தலைமுறையாக, தந்தையும் மகனும் ஒரே படகில் இருந்து படிந்தது. அனுமதிக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுக்கக்கூடியதல்ல அது.

மடி இழுப்பது ஒரு தொழில். ஆயிரங்கால் தூண்டில் முற்றிலும் வேறு தொழில். கிலோமீட்டர் கணக்கில் நீளும் தாய்க்கயிறு, அதிலே நூற்றுக்கணக்கான தூண்டில்கள், ஒவ்வொன்றுக்கும் இரை. இரைக்கே கணவாயும் மத்தியும் வாங்க வேண்டும்! நீரோட்டம் எங்கே, வெப்பம் மாறும் இடம் எங்கே, எத்தனை பாகத்தில் தொங்கவிட வேண்டும் என்பதெல்லாம் படிக்க வேண்டும். பிடித்த சூரையை உடனே இரத்தம் வடித்துப் பனிக்கட்டியில் புதைக்கத் தெரியாவிட்டால், ஜப்பான்காரன் பொன்விலை கொடுக்கும் மீன், கருவாட்டு விலைக்குப் போகும். டீசல், பனிக்கட்டி, இரை, உணவு என்று ஒரு பயணத்துக்கே இலட்சக்கணக்கில் முதல் வேண்டும். அதை எந்தத் திட்டம் கொடுத்தது? அதற்கு வியாபாரியிடம்தான் போக வேண்டும். அவன் முன்பணம் கொடுப்பான். பிடித்ததை அவன் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்திலே முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தறியில் கட்டுண்டு கிடந்தவர்களின் பேரன்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

இன்னொன்று, வரைபடத்தை விரித்தால் தெரியும். பாக் விரிகுடாவிலிருந்து பெருங்கடலுக்குப் போகப் படகு பாம்பன் கால்வாய் வழியாகத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் இறங்க வேண்டும். இல்லையேல் வடக்கே கோடியக்கரையைச் சுற்ற வேண்டும். பாம்பனிலே ஆழம் குறைவு, வழி குறுகல், மேலே இரயில் பாலம். 1914-ல் திறந்த பழைய பாலம் தூக்கி வழிவிடும் வரையில் பெரிய படகுகள் காத்துக் கிடந்தன. புதிய செங்குத்துத் தூக்குப்பாலம் 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. மன்னார் வளைகுடாப் பக்கம் மூக்கையூரிலே துறைமுகம் கட்டினார்கள், நல்லது. ஆனால் கோட்டைப்பட்டினத்துக்காரனும் செகதாப்பட்டினத்துக்காரனும் வீட்டையும் மனைவி மக்களையும் விட்டு எத்தனை தொலைவிலே படகைக் கட்டுவார்கள்?

மனைவி என்றதும் நினைவு வருகிறது. கரையிலே கூடையோடு நிற்கிறாளே, அவளைப் பற்றி அந்த 80 இலட்சத்தில் ஒரு வரி உண்டா? அன்றன்று வரும் காரலும் நண்டும் அவள் கூடைக்கு வரும். கூவி விற்பாள், அடுப்பு எரியும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் சூரை ஏற்றுமதிக்காரன் வண்டிக்கு நேராகப் போகும்.

அச்சமும் பொய்யல்ல. திட்டம் தொடங்கிய அதே 2017-ல், நவம்பர் 30-ஆம் நாள், ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர்க் கரையிலும் கேரளக் கரையிலும் இரண்டு நூறுக்கு மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. கரைக்கு எச்சரிக்கை கேட்டது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்தவனுக்குக் கேட்கவில்லை. கம்பியில்லாக் கருவியின் எட்டுதூரம் அவ்வளவுதான். ஆழ்கடலுக்குப் போ என்று சொல்லும் சர்க்கார், ஆழ்கடல் வரையில் கேட்கும் குரலையும் கொடுத்தாக வேண்டும். கடலோரம் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பு, அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 57-வது இனம். அதிகாரம் டில்லியிடம் இருக்கிறதென்றால் பொறுப்பும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று. படகைக் கொடுத்தது யாருக்கு? இழுவைப் படகு வைத்திருப்பவருக்கு! அந்தப் படகிலே ஐந்து பேர், ஆறு பேர் கூலிக்குப் போகிறார்களே. எல்லையிலே பிடிபட்டு வவுனியாச் சிறையிலும் யாழ்ப்பாணச் சிறையிலும் கிடப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தானே! அவர்களுக்கு என்ன? 8 இலட்சத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? வங்கி ஈடு கேட்டால், ஓலைக்கூரையையா காட்டுவார்கள்? எழுபது விழுக்காடு மானியம் என்பது, மீதி முப்பது விழுக்காடு வைத்திருப்பவனுக்குத்தான் மானியம்.

காஞ்சிக்காரனாகிய எனக்கு இதிலே பேச உரிமை உண்டு என்று கருதுகிறேன். இங்கே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எப்படி வந்தன? பட்டு நூலும் சரிகையும் வாங்கத் தனித்தனி நெசவாளிக்கு வழியில்லை. சேர்ந்தார்கள், சங்கம் நூல் தந்தது, கூலி தந்தது, சேலையை விற்றது. காமாட்சியம்மன் சங்கம், முருகன் சங்கம், அறிஞர் அண்ணா சங்கம் என்று நம் ஊரிலே பலகை தொங்காத பகுதி குறைவு. அது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. விற்காமல் தேங்கிய சேலையும் தெரியும், தேர்தல் நடக்காத ஆண்டுகளும் தெரியும், தறியை விட்டு ஆலை வேலைக்குப் போன பிள்ளைகளையும் தெரியும். ஆனாலும் சங்கம் இல்லாதிருந்தால் காஞ்சிப்பட்டு என்ற பெயர் மிஞ்சியிருக்கும், காஞ்சி நெசவாளி மிஞ்சியிருக்க மாட்டான்.

படகையும் அப்படிக் கொடுக்கலாமே! ஒரு முதலாளிக்கு ஒரு படகு என்பதற்குப் பதில், கூலிக்குப் போகும் பத்துப் பேர் சேர்ந்த சங்கத்துக்கு ஒரு படகு. தூத்தூரிலிருந்து கைதேர்ந்த ஒருவரை ஓராண்டு சம்பளம் கொடுத்து அந்தப் படகிலே ஏற்றுங்கள். முதல் ஆறு பயணங்களின் முதலீட்டைச் சங்கத்தின் வழியாகக் கடனாகக் கொடுங்கள். மத்திய மீன்வளக் கடல்சார் பயிற்சி நிறுவனம் கொச்சியிலும் சென்னையிலும் இருக்கிறது. நாகையிலே மீன்வளப் பல்கலைக்கழகம் 2012 முதல் இருக்கிறது. பயிற்சிக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆழ்கடல் அள்ளக் குறையாத களஞ்சியம் என்று கனவு காணவும் வேண்டாம். இந்தியப் பெருங்கடலிலே மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று 2015-ல் பன்னாட்டுச் சூரை ஆணையம் எச்சரித்தது. ஐரோப்பியக் கப்பல்களும் அங்கே இருக்கின்றன. தொண்ணூறுகளிலே வெளிநாட்டுக் கப்பல்களுக்கு டில்லி உரிமம் வழங்கியது. நாடெங்கும் மீனவர் மறியல் செய்தனர். முராரி குழு அமைந்தது. அந்த உரிமங்களை நீக்கச் சொல்லி 1996-ல் அது அறிக்கை கொடுத்தது. மறந்துவிடக் கூடாத வரலாறு. 2,000 இழுவைப் படகும் அப்படியே 2,000 தூண்டில் படகாகிவிட முடியாது. சில படகுகள் ஆழ்கடலுக்கு. சில படகுகளை விலை கொடுத்து வாங்கி உடைக்க வேண்டும். மிச்சமுள்ள ஆழமில்லாத கடல் வத்தைக்கும் வள்ளத்துக்கும், இருகரையிலும்.

2025 நவம்பரில் ஒன்றிய அரசு ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் புதிய விதிகள் வெளியிட்டது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்று அதிலே எழுதியிருக்கிறார்கள். நல்ல எழுத்து. கிழக்குக் கரையிலே ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையில் 61 நாள் விசைப்படகுகள் கரையேறி நிற்கின்றன. குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் அறிவித்தது. அந்த 61 நாளிலே வலை பின்னிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருக்கும் கூலி மீனவரை, நாட்சம்பளம் கொடுத்துத் தூண்டில் பயிற்சிக்கு அழைக்கலாம். பயிற்சி முடித்த பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம், சங்கம் சேர்ந்தால் படகு என்று ஓர் அரசாணை போதும். அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்னால் அதைப் போட்டுவிட முடியும்.